பத்திரிகையில் போட்ட பேர்

என் பேர் உள்ள இன்னொருத்தரைப் பள்ளியிலும் கல்லூரியிலும் நான் பார்த்ததில்லை. தாராபுரம் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு அந்தப் பேர்; அந்த ஊர் அம்மனுக்கும் அதே பேர். எட்டு வருஷம் பிள்ளை இல்லாமல் அங்கே போய் வேண்டிக்கொண்டு என்னைப் பெற்றதால், என் அம்மா அதையே எனக்கு வைத்தார். யாராவது "இதென்ன பேரு?" என்று கேட்டால் எனக்குப் பெருமை தாங்காது.

பல்லடத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவருடைய அம்மா அந்தச் சின்ன ஊரில் பிறந்தவர். அவருக்கும் அதே பேர்.

நிச்சயத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன்னால் அவர் சொன்னார்: "எம் பையன் பெத்தவ பேரைச் சொல்லிப் பொண்டாட்டியக் கூப்புடறது நல்லாருக்குங்களா? ஒரே ஊட்டுல ரெண்டு பேத்துக்கு ஒரே பேரு ஆகாதுங்க."

என் அப்பா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அதுக்கென்னுங்க, மாத்திப்போடலாமுங்க" என்றார். எங்கள் பக்கம் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். வகுப்புக்கு நாலு பெண்களுக்கு இருக்கும் ஒரு பேரை மாமியாரே தேர்ந்தெடுத்தார். கல்யாணப் பத்திரிகையில் அதுதான் வந்தது.

இருபத்தாறு வருஷம் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தேன். முதல் வருஷம் திரும்ப மறந்து, "காது கேக்காதா அம்மணி?" என்று பல தடவை திட்டு வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் அந்த ஊர் பஸ் என் பேரை நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்கும். கண்டக்டர் அதைத் தொண்டை கிழியக் கத்தி ஆள் ஏற்றுவார். கண்டவரெல்லாம் சொல்லலாம், என் வீட்டில் சொல்லக் கூடாது. எனக்கு வயிறு எரியும். ஆதார் எடுத்தபோது மட்டும் சொந்தப் பேரைத்தான் கொடுப்பேன் என்றேன். மற்றதற்கெல்லாம் தலையாட்டினேன், ஆனால் மறக்கவில்லை.

போன தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அச்சகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த மாதிரியை வீட்டுக்காரரிடம் காட்டினேன். மண்டபத்தையும் முகூர்த்த நேரத்தையும் பார்த்துவிட்டு "செரி" என்றார். மணமகளின் தாய் என்ற இடத்தில் என் சொந்தப் பேரைப் போட்டிருந்தேன். இன்னாரின் பேத்தி என்று வரும் இடத்தில், மாமியார் எனக்குக் கொடுத்த பேரை.

முதல் பத்திரிகையைக் கோயிலில் வைத்தோம். மறுநாளே மாமியார் பிறந்த ஊருக்கு ஒரு கட்டு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் கையில் ஒன்றைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு, விரல் வைத்துப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"ஏனம்மணி, இது யாரு பேரு?"

"உங்க பேருங்க அத்தே. ஒரே ஊட்டுல ரெண்டு பேத்துக்கு ஒரே பேரு ஆகாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? என்னுத நான் எடுத்துக்கிட்டேன். நீங்க குடுத்தத நீங்களே வெச்சுக்குங்க."

"எம் பொறந்தவன் ஊட்டுக்கெல்லாம் போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, அதே வரியைத் திரும்பப் படித்தார். எனக்குப் பாவமாக இல்லை. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது. சமையலறைக்குப் போய் எனக்கு மட்டும் ஒரு காபி போட்டுக்கொண்டேன்.

பாதிக் காபியில் கூடத்திலிருந்து சத்தம் வந்தது. கோபத்தில் என் சொந்தப் பேரைச் சொல்லி மாமியார் என்னைக் கூப்பிட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும்.