சுவிட்ச்சில் எல்லாருக்கும் முதல் இடம்

இன்று திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. நெட்வொர்க் நெரிசலில் எடைமேடைக் கணினி திணறியது. எடைச்சீட்டு வராமல், எண்ணூர் துறைமுகத்துக்குப் போக வேண்டிய இறால் லாரிகள் வாசலில் நின்றன.

நெட்வொர்க்கைச் சரிசெய்யப் போன என் வேலை எளிது. எல்லாக் கணினிகளையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச்சில் ஒரு பட்டியல் போட வேண்டும். எடைமேடையின் டேட்டா முதலில் போகும், மற்றதெல்லாம் பின்னால்.

போட்டேன். சீட்டு வந்தது, லாரி நகர்ந்தது.

அத்தோடு கிளம்பாமல், பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன்.

முதலில் செக்யூரிட்டி டில்லி அண்ணன் வந்தார். "இன்னா சார், இம்மாம் வருசமா கேட்ல நின்னுகினு கீறேன். என் கேமராவுக்கு ஆறாவது எடமா?"

மேலே ஏற்றினேன்.

பில்லிங் அக்கா பார்த்துவிட்டார். "செக்யூரிட்டிக்கு அப்பால தான் நானா? நல்லா கீது நைனா."

அவரையும் ஏற்றினேன்.

டிரைவர்கள் கூட்டமாக வந்தார்கள். "எங்க ரூம் டிவி லாஸ்ட்டா? அப்ப லாரிய யாரு ஓட்டறது?"

மேனேஜர் பஞ்சாயத்தை முடித்து வைத்தார். "எதுக்கு சார் வம்பு? எல்லாரையும் ஃபர்ஸ்ட்ல போட்டுடுங்க."

மூன்று மணிக்கு எல்லாரும் முதலிடம், பழையபடி நெரிசல். சீட்டு நின்றது, லாரி நின்றது. ஒருவர் முகத்திலும் வருத்தமில்லை.

திருத்தலாம் என்று லேப்டாப்பைத் திறந்தால், சுவிட்ச்சின் செட்டிங்ஸ் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பட்டியலில் இல்லாதது என் லேப்டாப் ஒன்றுதான்.

டில்லி அண்ணன் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இன்னா சார், கேட்டிருந்தா உன்னியும் போட்டிருப்பாங்களே."

இதை போன் டேட்டாவில் எழுதுகிறேன். கடைசியில் நிற்கச் சம்மதிக்கிற ஒரே ஒரு ஆள் உங்கள் ஆபீசில் இருந்தால், இங்கே அனுப்பி வையுங்கள்.