சனிக்கிழமைகளில் என் கழுத்தில் கிடந்த தாலி

எழுபதுகளில் மெல்பேர்ணில் லக்ரோஸ் விளையாடிய பெண்களில் தாலி அணிந்தவள் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள். பள்ளி வயதில் பெற்றோருடன் வந்தவள். விளையாட்டை இங்கேதான் பழகினாள். நீண்ட மர மட்டையின் நுனியில் தோல்வாரால் பின்னிய வலை இருக்கும். ஓடிக்கொண்டே பந்தை அதற்குள் ஏந்திப்போய்க் கோலுக்குள் எறியவேண்டும். பந்து கெட்டி ரப்பர். முகத்துக்குக் காப்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் அவளுடைய பற்களை நினைத்தபடிதான் உட்கார்ந்திருப்பேன்.

அவளுக்கு அந்தப் பயம் இல்லை. மூன்று பேர் மறித்தாலும் மட்டையைக் காதோரம் அசைத்தபடி, பந்து சிந்தாமல் நடுவால் புகுந்து போய்விடுவாள். அவளைப் பார்ப்பதற்கென்றே எதிரணியின் ஆட்கள் நேரத்தோடு வருவார்கள்.

ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் பெண்களை வரிசையாக நிறுத்தி நகமும் சப்பாத்தின் அடியும் பார்ப்பார்கள். நகை கூடாது. கலியாணம் முடிந்த முதல் சனிக்கிழமையே இந்தச் சிக்கல் வந்தது. தாலிக்கொடியைக் கைப்பைக்குள் போட அவளுக்கு மனமில்லை. என் காற்சட்டைப் பையில் எனக்கே நம்பிக்கையில்லை. கடைசியில் அதை நானே கழுத்தில் போட்டு, கம்பளிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்தார். மாநில அணிக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் கடைசி ஆட்டம் அப்போதுதான் நடக்கவிருந்தது. முன்பு இரண்டு முறை கடைசிக் கட்டத்தில் என் மனைவிக்குத் தவறிப்போன இடம். இந்த முறையும் கிடைக்காவிட்டால் மட்டையைத் தொடுவதில்லை என்று சொல்லியிருந்தாள். அம்மாவோ, "நானும் வாறன், பிள்ளையின்ரை விளையாட்டைப் பாக்க" என்று குளிருக்கு இரண்டு சால்வையுடன் காரில் ஏறிவிட்டார். தாலியைக் கழற்றாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் இவள் கழற்றமாட்டாள். கழற்றாவிட்டால் நடுவர் விடமாட்டார். அம்மாவின் கண்ணில் படாமல் அதை வாங்க ஒரு வழி யோசித்தபடி காரை ஓட்டினேன்.

"எத்தினை மணிக்கடா துவங்குது?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டு மணிக்கு."

"சனிக்கிழமை ரெண்டு மணியோ? எமகண்டமெல்லே!"

"அது ஊர்க் கணக்கம்மா. அங்கை இப்ப காலமை."

"ஏன், எமன் மெல்பேர்ணுக்கு வரமாட்டானோ?"

அவரை ஆறுதல்படுத்த நினைத்து, இங்கே இரண்டு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் ஒன்பதரை என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: சனிக்கிழமை ஒன்பதரை இராகுகாலம். அம்மா சால்வையை இழுத்து மூடிக்கொண்டார். பின் இருக்கையில் மனைவி யன்னலைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

மைதானத்தில் மழை விட்டிருந்தது. அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு, கார்ப்பக்கம் போய்த் தாலியை வாங்கிக்கொள்வதுதான் என் திட்டம். அதற்குள் நடுவர் வரிசையைக் கூப்பிட்டுவிட்டார். அவள் எங்களுக்கு நேர் முன்னால் நின்றாள். நடுவர் அவள் கழுத்தைக் காட்டினார். அவள் கொடியைத் தலைக்கு மேலால் தூக்கப் போனபோது அம்மா எழுந்தார்.

"பிள்ளை, என்ன செய்யிறாய்?"

கொடியைப் பிடித்த கை அப்படியே நின்றது. "கழட்டினால்தான் விடுவினம், மாமி. நீங்கள் வேண்டாமெண்டால் நான் விளையாடேல்லை."

தெரிவுக்குழுவினர் குடைகளுடன் காத்து நின்றார்கள். அம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.  நான் போய்க் கொடியை அவள் கையிலிருந்து வாங்கி, பழக்கத்தில் என் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. "இதென்னடா கோலம்? உனக்கு ஆர் தாலி கட்டினது?"

"எல்லாச் சனிக்கிழமையும் இப்பிடித்தான், மாமி" என்றாள் மனைவி.

அம்மா கதிரையில் அமர்ந்தார். "அப்ப போய் விளையாடு. டேய், நீ இதிலை இரு. அவள் திரும்பி வந்து இதைப் போடுமட்டும் அசையப்படாது." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.  கணவனுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதற்குத்தானே தாலி. அந்தக் கணவன் அவருடைய மகன்.

அன்று நான் தேநீர் குடிக்கக்கூட எழவில்லை. மனைவி முதற் பாதியில் இரண்டு தரம் வழுக்கி விழுந்தாள். ஈரத்தில் தோல்வார் தளர்ந்து பந்து வலையில் நிற்கவில்லை. தெரிவுக்குழுவில் ஒருவர் சரிவராது என்பதுபோலத் தலையசைத்ததைப் பார்த்தேன்.

இரண்டாம் பாதி முடியும் தறுவாயில் எதிரணிப் பெண் ஒருத்தி எறிந்த பந்து விலகி, எங்கள் கதிரைகளை நோக்கி வந்தது. இந்த ஆட்டத்தில் அப்போது எல்லைக்கோடு கிடையாது. பந்து எங்கே போகிறதோ ஆட்டமும் அங்கே வரும். பந்து என் முகத்துக்கு நேரே வந்தது. அசையப்படாது என்ற சொல் என் காலைக் கட்டிவிட்டது. குறுக்கே பாய்ந்த என் மனைவியின் மட்டை என் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் அதை ஏந்தியது. அப்படியே திரும்பி ஓடினாள். மைதானம் முழுவதும். ஒருத்தியாலும் மறிக்க முடியவில்லை. கோல்.

"ஏனடா எழும்பேல்லை, மடையா?" அம்மா கத்தினார்.

"நீங்கள்தானே அசையாதே எண்டனீங்கள்!"

ஆட்டம் முடிந்ததும் தெரிவுக்குழுவில் ஒருவர் மண்டபப் படியில் ஏறிப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். சேறும் வியர்வையுமாக ஓடிவந்தவளை அம்மா மறித்தார். "உதுகள் பிறகு. முதல் இதைப் போடு." கொடி அவள் ஈரக் கூந்தலில் சிக்கியது. அம்மாவும் நானும் அதை விடுவித்துக்கொண்டிருந்ததில் வாசித்தது ஒன்றும் காதில் விழவில்லை. அவளுடைய அணிப் பெண்கள் கூவிக்கொண்டு எங்கள்மேல் வந்து மோதியபோதுதான் அவள் பெயரும் வாசிக்கப்பட்டது தெரிந்தது.

அம்மாவுக்கு அதுவும் புரியவில்லை. தாலி நேராக இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.