செம்புக் கம்பியில் செத்த சம்மதம்

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட்டுக்கு 'ஃபைபர்' என்று கண்ணாடி நார் இழுக்கிறார்கள். இன்னும் வேகம் வருமாம், இன்னும் என்னென்னவோ வருமாம். வரட்டும். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அதைப் பற்றி எனக்கு முதன்முதலில் சொன்னவர், எனக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் சாய்ந்தமருதில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். அவர் கல்முனையில் விஞ்ஞான ஆசிரியர். ஆசிரியர் கூட்டமொன்றில், போத்தலில் துளையிட்டுத் தண்ணீரை ஓடவிட்டு, பின்னாலிருந்து டோர்ச் அடித்துக் காட்டினார். வளைந்து விழுந்த தண்ணீரோடு வெளிச்சமும் வளைந்து போனது.

"மயிர் மாதிரி ஒரு கண்ணாடி இழை. அதுக்குள்ள வெளிச்சம் இப்பிடித்தான் ஓடும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில கதைக்கலாம். உப்புக்காத்து அத ஒண்டும் செய்யாது" என்றார். வெளிநாடுகளில் பதிக்கத் தொடங்கிவிட்டார்களாம், கடலுக்கடியிலும் வரப்போகிறதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாப்பா அப்போது சவூதியில், பாலைவன முகாமொன்றில் வேலை. நிக்காஹ்வில் பெண்ணை ஒப்புக்கொடுக்க வேண்டியவர் தகப்பன். வர முடியாவிட்டால் அந்தப் பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். நிக்காஹ் நடத்திவைக்கும் எங்கள் பள்ளிவாசல் கதீப் கடிதத்தை நம்பவில்லை. வாப்பா சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று நின்றார். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, வாப்பா நகரத்துக்கு வந்து எடுக்கும் அழைப்புக்காகத் தபால் கந்தோரில் கூடினோம். கதீப், வாப்பாவின் தம்பி சாச்சா, உம்மா, நான், மாப்பிள்ளை, அவருடைய உம்மா.

மணியடித்தது. கதீப் ரிசீவரைக் காதில் அழுத்தினார். வெறும் கரகரப்பு. வாப்பாவின் குரல் கொழும்பு வரை துப்புரவாக வந்திருக்கிறது. அங்கிருந்து எங்கள் ஊருக்கு வரும் பச்சை பூத்த செம்புக் கம்பியில்தான் செத்துப்போனது. கொழும்பு எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்ணின் குரல் மட்டும் மெல்லக் கேட்டது. பாவம், அவள் எங்களுக்காகக் கத்தினாள்: "ஓம் சொல்றார். தம்பிக்குப் பொறுப்புக் குடுக்கிறாராம்."

"அவ ஆரெண்டு நமக்குத் தெரியா" என்று கதீப் ரிசீவரை வைத்துவிட்டார்.

"மகள் இங்கதானே நிக்கிறா. அவக்கிட்டக் கேளுங்களன்" என்றார் உம்மா.

"அது மட்டும் காணாது" என்றார் கதீப்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். என் சம்மதத்தைக் கேட்கக் கம்பியும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "தகப்பனுக்கு மனமிருந்தாக் குரல் வராமப் போகுமா?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். வெளிச்சம் வளைவதை ஊருக்கே விளங்கப்படுத்திய மனுஷன். கம்பிதான் பழுது, வாப்பாவின் மனதில் பழுதில்லை என்று பெற்ற தாய்க்கு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

அடுத்த கிழமை இனப்பிரச்சினைச் சண்டையில் எங்கோ தந்தித் தூண்களைச் சாய்த்துவிட்டார்கள். நடந்ததை வாப்பாவுக்குத் தெரிவிக்கவும் வழியில்லை, அவருடைய அழைப்பும் வரவில்லை. அவர்களும் காத்திருக்கவில்லை. அட்டாளைச்சேனையில் ஒரு வீட்டுக்கு அவர் மாப்பிள்ளையாகிப் போனார்.

அதற்குப் பிறகுதான் சவூதியிலிருந்து வந்த ஒருவர் வாப்பா அனுப்பிய கெசட்டைக் கொண்டுவந்து தந்தார். தபால் கந்தோரில் நடந்தது எதுவும் தெரியாமல், அழைப்பு எடுத்த அன்றிரவே வாப்பா தன் குரலைப் பதிந்திருக்கிறார்.

"அல்ஹம்துலில்லாஹ். நான் ஓம் எண்டது அங்க எல்லாருக்கும் கேட்டிருக்கும். சந்தோசத்தில இங்க கூட்டாளிமாருக்கெல்லாம் சோறு குடுத்தன். மருமகன், என்ட புள்ளைக்குப் பச்சத்தண்ணி ஒத்துக்கொள்ளாது, சளி புடிக்கும். கொஞ்சம் பாத்துக்கங்க."

உம்மா அழுதுகொண்டே நிறுத்தப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டேன். கெசட் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அந்த மனுஷனின் உம்மா வீட்டு வாசலுக்குப் போய், சத்தத்தை முழுக்கக் கூட்டி, முதலிலிருந்து ஓடவிட்டேன்.