வண்டி போகட்டும்

கடைவீதிக்கு அடியில் இருக்கும் சுரங்க ரயில் நிலையத்தில் அவள் துப்புரவு மேஸ்திரி. வண்டி வந்தால் இரைச்சலில் எதுவும் காதில் விழாது. அதனால் அங்கே வேலை செய்பவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தி, வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். "நம்ம வாய்க்கும் சிக்னல் போட்டுட்டாங்க" என்பார் டிக்கெட் கவுண்டர்காரர்.

ஒரு நாள் மருமகள் பையும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். மகன் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போயிருந்தான்.

"அத்தை, எனக்குப் போக்கிடம் இல்ல. இங்கயே இருந்துக்கட்டுமா?"

"இங்கயா..." என்று இவள் வாயெடுத்தபோது தெருவில் லாரி ஒன்று போனது. ஜன்னல் அதிர்ந்தது. பழக்கதோஷம், வாய் தானாக மூடிக்கொண்டது.

லாரிச் சத்தம் அடங்குவதற்குள் மருமகளின் முகம் செத்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டாள்.

"இருடி! தாராளமா இருன்னுதான் சொல்ல வந்தேன். ரயில் பழக்கம், நின்னுட்டேன்."

"வீட்டுக்குள்ள ஏது ரயில் அத்தை? மனசில்லாம சொல்ல வேணாம்."

படியிறங்கிப் போயே விட்டாள்.

மறுநாள் நடைமேடையில், "மருமக வந்துச்சாமே, எங்க?" என்று கவுண்டர்காரர் கேட்டார். இவள் சொல்லத் தொடங்கினாள். வண்டி வந்தது. நிறுத்தும்படி அவர் கைகாட்டினார்.

இவள் நிறுத்தவில்லை. ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்கவில்லை.