கொசுறாக வந்த மணல்

பித்தளைக் கூஜாவை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கண்ணாடித் தம்ளரை எடுத்துப் போவது என்று, சென்ற மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை நானும் மைதீன் பாயும் முடிவு செய்தோம். யுத்த காலத்தில் இதைவிடப் பெரிய முடிவுகள் வேறு ஊர்களில் எடுக்கப்பட்டிருக்கலாம். மதுரையில் அன்று இதுதான். பித்தளை, தண்ணீரின் ருசியைக் கெடுக்கும் என்பது பாயின் கட்சி. கண்ணாடி பஸ்ஸில் உடையும் என்பது என் கட்சி. தம்ளரைத் துண்டில் சுற்றி எடுத்துப் போகலாம் என்று கடைசியில் சமாதானம் ஆயிற்று.

மைதீன் பாய் கீழவாசல் பக்கம் கோலி சோடா போட்டு விற்பவர். கடைக்குப் பின்னால் இருக்கும் கிணறு இரண்டு வருஷமாக உவர்த்துவிட்டது. பாய் சோடாவுக்கு உப்புப் போட்டே தருகிறார், தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று வாடிக்கையாளர்கள் பேச ஆரம்பித்து, பிறகு பேசுவதற்கும் வராமல் போனார்கள். குழாய்த் தண்ணீர் அவர் குடும்பத்துக்கே போதாது. வைகை மணல் ஊற்றிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவரலாம். லாபம் முழுவதும் வண்டிக்காரனுக்குப் போகும். கோடைக்குள் நல்ல தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்துக் கடையை விற்று அங்கே போய், சோடாவை டவுனுக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் தொழிலை விட வேண்டும். மண்ணைப் பற்றி நான் நிறையப் படித்தவன் என்று தெருவில் ஒரு பெயர் உண்டு. படித்தது ஒரு புத்தகம், அதிலும் பாதி. அதனால் துணைக்குக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஜட்காவில் வில்லாபுரம். கூலி ஆறணா. வயல்களைத் தாண்டியதும் தரை வெள்ளை பூத்துக் கிடந்தது. சலவைத் தொழிலாளிகள் சிலர் அந்த மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அது உவர்மண், துணியில் இருக்கும் அழுக்கை எடுக்கும். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்த பாய், இரண்டாவது வாய்க்குப் போகவில்லை.

"மாப்ள, நம்ம கிணத்துக்கு இது அண்ணன்" என்றார்.

"சட்டை வெள்ளையாத்தானே பாய் இருக்கு? அது இந்த மண்ணு வெளுத்ததுதான்" என்றான் ஜட்காக்காரன். பாய் தம் சட்டையைப் பார்த்துக்கொண்டார். அவருடைய சோடாவைக் கெடுத்த உவர்தான் அவரை இத்தனை வருஷம் கௌரவமாக நடமாட வைத்திருந்தது.

அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் திரும்பி, ரயிலில் திருமங்கலம். பதினொரு மைல். அந்தப் பக்கம் கரிசல். மழையை வாங்கி மாதக் கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். மாசியிலும் பருத்தி பச்சையாக நின்றதற்கு வேறு காரணம் இல்லை. வெயிலில் மேல்மண் மட்டும் வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் பாயின் செருப்பு இறங்கிவிட்டது. பருத்திக் காட்டுக்காரர் களைக்கொத்தியால் எடுத்துக் கொடுத்தார்.

"பஞ்சு வேணுமா, கேளுங்க. தண்ணி கேக்காதீங்க" என்றார் அவர். "இந்த மண்ணு வாங்குன தண்ணிய வெளிய விடாது. பருத்தி வேருக்கு மட்டுந்தான் குடுக்கும்."

"என் மச்சான் மாதிரி" என்றார் பாய். "அவன்கிட்ட அந்தப் பருத்தியும் கெடையாது."

ஞாயிற்றுக்கிழமை கொட்டாம்பட்டி. திருச்சி ரோட்டில் இருபத்தெட்டு மைல், டிக்கெட் பத்தணா. பெட்ரோல் கிடைக்காததால் இப்போது கரி பஸ். முதுகில் அடுப்பைச் சுமந்துகொண்டு போகிறது. மேட்டில் பயணிகள் இறங்கி நடந்து பஸ்ஸுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும். ஏழு மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கும் செம்மண், நிலக்கடலை, புளியமரம். விழுந்த மழையைச் செம்மண் சட்டென்று உள்ளே விட்டுவிடுகிறது. அது வடிந்து பாறைக்கு மேல் கிணறுகளில் சேருகிறது. தண்ணீரோ கற்கண்டு. பாய் மூன்று தம்ளர் குடித்தார்.

கிணற்றடியில் குடத்தோடு நின்ற பெண் சிரித்தாள். "கிளாசுல ஊத்தி வெயிலுக்குப் பிடிச்சுப் பாக்குறாரு. எங்க ஊருத் தண்ணி என்ன வைரமா அண்ணே?"

"வைரந்தான் தாயி. ஆனா இம்புட்டுத் தூரத்துல இருக்கே."

அந்த பஸ்ஸில் இருபத்தெட்டு மைல் வந்தால் சோடா பாட்டில் ஒவ்வொன்றும் வழியிலேயே வெடித்து, மேலூர் தாண்டுமுன் யுத்தம் இங்கேயே வந்துவிட்டதாக ஜனங்கள் ஓடுவார்கள். திரும்பும்போது பாய் துண்டில் சுற்றிய தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஆனையூர். மதுரைக்கு வடக்கே நான்கு மைல், நடந்தே போகலாம். விவசாயி பெரியகருப்பன் விற்கவிருந்த நிலம் ஓர் ஓடையை ஒட்டி இருந்தது. ஓடையில் ஆள் உயரத்துக்கு மணல், மேலே ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெரியகருப்பன் குனிந்து கையால் முழங்கை ஆழம் பறித்தார். குழியில் மெல்ல ஊறி நின்ற தண்ணீரில் அவருடைய கைரேகை தெரிந்தது. கரையோரக் கிணற்றிலும் அதே தண்ணீர்தான். ஐப்பசியில் கலங்கி ஓடிய வெள்ளத்தை மணல் வாங்கி, வடிகட்டி, வெயில் படாமல் மூடி வைத்திருந்தது. பாய் குடித்தார், கண்ணை மூடினார், "மாஷா அல்லா" என்றார். விலை பேசும்போது சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை.

பேச்சு சாயங்காலம் வரை நடந்து படிந்தது. ஆனால் எந்தச் சாமானையும் கொசுறு இல்லாமல் வாங்குவது பாய்க்குப் பழக்கமில்லை. கீரை வாங்கினால் கறிவேப்பிலை, நிலம் வாங்கினால்?

"மேற்கொண்டு ஏதாச்சும் போட்டுக் குடுங்கண்ணே" என்றார்.

பெரியகருப்பன் சுற்றிலும் பார்த்தார். "என்னத்தப் போட? கட்டடம் கட்டத்தான போறீங்க? இந்தா கெடக்கு மணலு. எம்புட்டு வேணுமோ அள்ளிக்கங்க. இதுக்கெல்லாமா காசு வாங்குவாக?"

எல்லோருக்கும் திருப்தி. என் பாதிப் புத்தகத்திலும் இதற்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

நல்ல மண், கெட்ட மண் என்று பேசுவது நம் வழக்கம். மூன்று நாள் சுற்றியதில் வெளுக்கிற மண், பிடித்து வைக்கிற மண், உள்ளே விடுகிற மண், வடிகட்டுகிற மண் என்று நான்கைப் பார்த்தேன். நான்கும் கூலி கேட்காமல் வேலை செய்கின்றன. கூலி கேட்காத வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. கரி பஸ்ஸில் முன் வரிசையில் உட்காருங்கள். பின் வரிசை அடுப்புக்குப் பக்கம். கரிசலுக்கு வார் வைத்த செருப்பு நல்லது. கொட்டாம்பட்டியில் சாப்பாட்டுக் கடை கிடையாது, கட்டுச்சோறு கொண்டுபோங்கள். கண்ணாடித் தம்ளர் உடையவில்லை.

பங்குனி முழுதும் ஆனையூரில் வேலை நடந்தது. பாயின் சோடாக் கம்பெனிக்கு மணல் அள்ளினார்கள், சுற்றுச்சுவருக்கு அள்ளினார்கள். கிடைக்கிறதே என்று பாயின் மச்சான் டவுனில் ஒரு மாடி எடுத்தார். பெரியகருப்பனும் தொழுவத்தைக் காரைக் கட்டடமாக்கிக்கொண்டார். ஓடையில் இப்போது களிமண் தரை தெரிகிறது, அதில் வண்டித் தடம் காய்ந்து கிடக்கிறது. கரையோரக் கிணற்றில் வாளி விட்டால் தரையில் தட்டுகிறது.

சித்திரையில் கம்பெனி திறந்தது. வைகை ஊற்றிலிருந்து தினம் இரண்டு வண்டித் தண்ணீர் ஆனையூருக்குப் போகிறது. சோடா அதே வண்டிகளில் கீழவாசலுக்கு வருகிறது.