கேட் ஓரத்து நாற்றுகள்

என் அக்காவுக்கு இந்தத் தெரு வைத்திருக்கும் பெயர் 'இப்ப வேண்டாம்'. நாற்றுக் கடையை வைத்துக்கொண்டு, வாங்க வருகிறவர்களிடம் வருடத்தில் பாதி நாள் அவள் சொல்லும் பதில் அதுதான். தக்காளி நாற்று இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, இப்ப வேண்டாம். மிளகாய் நாற்று? அதுவும் இருக்கிறது, அதுவும் இப்ப வேண்டாம். வந்தவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார். இப்படி ஒரு வியாபாரியை நீங்கள் வேறெங்காவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறேன்.

எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும். ஜனங்கள் கம்பளியை மடித்துப் பெட்டிக்குள் வைப்பார்கள், ஒரு வாரம் வியர்க்கக்கூடச் செய்யும். அப்புறம் விட்டேனா பார் என்று ஒரு குளிர் திரும்பி வரும். ஓரிரண்டு இரவுகள்தான், ஆனால் விடிந்து பார்த்தால் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். அவசரப்பட்டு நட்ட நாற்றெல்லாம் கருகித் தலை சாய்ந்து கிடக்கும். மேட்டுத் தெருக்களில் இவ்வளவு இராது. குளிர்ந்த காற்று சரிந்து இறங்கி எங்கள் தெருவில்தான் வந்து உட்காரும்.

அந்தக் குளிர் வந்து போன பிறகுதான் அக்கா நாற்றுத் தட்டுகளைப் பாலித்தீன் கூடாரத்திலிருந்து எடுத்து கேட் ஓரமாக வரிசையாக வைப்பாள். கம்பி கேட் என்பதால் தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும். தட்டு வெளியே வந்துவிட்டதா, மண்வெட்டியை எடு. எங்கள் தெருவில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, ரேடியோவில் வானிலை கேட்பதில்லை. அக்கா வீட்டு கேட்டைப் பார்க்கிறார்கள்.

அவள் தப்பு செய்யாதவள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் அந்தக் குளிர் வரவே இல்லை. அவள் பாட்டுக்குக் காத்துக்கொண்டே இருந்தாள். நாற்றெல்லாம் கூடாரத்துக்குள்ளேயே ஒல்லியாக வளர்ந்து வீணாய்ப் போயின. தெருவே கைகொட்டிச் சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். குளிர் வராவிட்டால் நல்லதுதானே என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளைக் கழுவப் போனாள்.

அவளுடைய இந்தக் குணம் நகராட்சிப் பூங்காவில் வேலை பார்த்தபோது ஆரம்பித்தது. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று மேற்பார்வையாளர் வாசல் முழுக்கப் பூச்செடி நடச் சொன்னார். அக்கா இப்ப வேண்டாம் என்றாள். அவர் நடு என்றார், நட்டாள். பெரிய மனிதர் வந்த காலையில் செடியெல்லாம் வேகவைத்த கீரையாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நட்டது யார் என்று கேட்டபோது மேற்பார்வையாளர் கையை அக்கா பக்கம் நீட்டினார். அன்றைக்கே மண்வெட்டியை அவர் காலடியில் போட்டுவிட்டு வந்தவள், வீட்டுக் கொல்லையில் பழைய டின்களில் விதை போட்டுத் தொழிலை ஆரம்பித்தாள். அதிலிருந்து எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். இரண்டாம் தடவை வாயைத் திறக்க மாட்டாள். வந்து கேட்காதவர்களிடம் ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டாள். இந்தப் பிடிவாதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எதிர்வீட்டுத் தையல்காரி என்றால் அக்காவுக்கு உயிர். அவள் மெஷின் ஜன்னலோரமாக, எங்கள் கேட்டைப் பார்த்தபடி இருக்கும். அவள் அங்கே தைக்க, அக்கா இங்கே மண் கலக்க, நடுவில் தெருவைத் தாண்டிப் பேச்சு ஓடும். தையல்காரியின் கொல்லை முழுவதும் மிளகாய். தையல் வேலை குறைகிற மாதங்களில் அவள் அடுப்பு எரிவது அந்த மிளகாயால்தான். ஒவ்வொரு வருடமும் நாற்று எங்களிடம்தான் வாங்குவாள்.

இந்த வருடம் ஒரு பேய்க்காற்று அடித்து எங்கள் கூடாரத்தின் மேல்விரிப்பைக் கிழித்துப் போட்டது. புது விரிப்பு மாட்டும்வரை உள்ளே வேலை செய்ய இடம் வேண்டுமே. காலையில் தட்டுகளை வெளியே கொண்டுவந்து கேட் ஓரமாக வைத்தோம், பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்து வைத்தோம். தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிந்தது. வெளியே வைத்ததைத் தெரு முழுக்கப் பார்த்தது. உள்ளே எடுத்து வைத்ததை ஒரு கண்ணும் பார்க்கவில்லை.

பார்த்தவர்கள் வந்து கேட்டார்களா? எப்படிக் கேட்பார்கள்? பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கடை வந்திருந்தது. எப்போது போனாலும் சிரித்த முகமாக எது கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்களாம். தெருவில் முக்கால்வாசிப் பேர் அங்கே வாங்கி, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் மறைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நாற்று அங்கே வாங்குவார்களாம், நாள் மட்டும் இங்கே பார்த்துக்கொள்வார்களாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கேட் ஓரத்துத் தட்டுகளைப் பார்த்து எல்லோரும் நட்டுவிட்டார்கள். குளிர் வந்தது. மறுநாள் காலையில் தெருவே எங்கள் கேட் முன்னால் நின்றது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்தான் வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். தட்டை வெளியே வைத்து ஊரையே ஏமாற்றிவிட்டாயே என்றார். செத்த தக்காளிச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி வந்து கேட் கம்பியில் செருகினார். நான் சும்மா இருப்பேனா? குளிரை நாங்கள் என்ன மடியிலா கட்டி வைத்திருக்கிறோம், அந்தச் செடியை விற்ற கடையில் போய்ச் செருகுங்கள் என்று கத்தினேன். கூட்டத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

அக்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தையல்காரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி மெதுவாக முன்னால் வந்தாள்.

"என் கொல்லை பூரா போச்சு. எதிர்லதானடி உக்காந்திருக்கேன், எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேக்கலையே."

"எப்படிடி கேப்பேன்? நாத்த அங்க வாங்கிட்டு வந்து உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

தையல்காரி போய் ஜன்னலைச் சாத்தினாள். அன்று மத்தியானமே மெஷினை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா மண்ணைக் கலந்தாள், தண்ணீர் ஊற்றினாள், சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தாள். தெருக்காரர்கள் வெட்கத்தை விட்டு மறுபடி நாற்று கேட்டு வந்தார்கள். குளிர் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதால் எல்லோருக்கும் அதே பழைய பதில்தான். பின்வரிசையில் மிளகாய்த் தட்டுகளை மட்டும் அவள் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். காது கேட்காதவள் மாதிரி இருந்தாள். எதிர்வீட்டுக்கு என்று எனக்குத் தெரியாதா என்ன? உன்னிடம் வாங்காமல் போனவளுக்காக ஏன் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாய் என்று எரிந்து விழுந்தேன்.

ஒரு நாள் தடிமனான கித்தான் துணியை வாங்கி வந்து என் முன்னால் போட்டாள். கேட்டுக்குத் திரை போடப் போகிறாளாம், இனி உள்ளே இருப்பது தெருவுக்குத் தெரியக் கூடாதாம். எதிர்வீட்டில் தைக்கக் கொடுத்துவிட்டு வா என்றாள். ஊரில் வேறு தையல்காரரே இல்லையா என்று கேட்டேன். முறைத்தாள், போனேன். தையல்காரி துணியை வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று நான் சொன்னதும் அவள் முகம் செத்துப் போயிற்று.

திரை தைத்து வந்தது. ஓரமெல்லாம் இரட்டைத் தையல், வளையத்துக்கு இடம், ஒரு குறை சொல்ல முடியாது. கேட்டில் மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கண் உயரத்தில், எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக, கை அகலத்துக்கு ஒரு திறப்பு. மேலே மூடி போல ஒரு துண்டுத் துணி வேறு. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன், அந்தத் திரையையே கிழித்து அவள் வாசலில் எறிந்துவிடலாம் என்று.

அக்கா என் கையைப் பிடித்தாள். கோணி ஊசியைக் கொண்டுவரச் சொன்னாள். தெரு பார்க்க நின்று, அந்தத் திறப்பைக் கோணல்மாணலாகத் தைத்து மூடினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு ஊசியைக் கையில் பிடித்தபடியே தெருவைக் கடந்து, கதவைத் தட்டாமல், நேராகப் பின்கட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் அக்காவுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

தையல்காரி மெஷினை நிறுத்தாமல் குனிந்தே இருந்தாள். அக்கா சக்கரத்தின் மேல் கையை வைத்து நிறுத்தினாள்.

"ஒளிஞ்சு பாக்காத. எவன்கிட்ட வேணா வாங்கு, ஆனா வந்து கேளு. வாயத் தொறந்து கேளுடி."

மெஷின் தட்டில் கிடந்த நூல் துணுக்குகளைத் தையல்காரி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"இப்ப நடலாமா?"

அக்கா கொல்லைக் கதவு வழியாக வானத்தைப் பார்த்தாள். கருகிய மிளகாய்ப் பாத்திகளைப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம்."

இந்த வார்த்தையைக் கேட்டுக் கோபப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அதைக் கேட்டு ஒருத்தி முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.