அறுபத்து நான்கு என்று சொல்லிவிட்டேன்

போன மாதம் ஒரு மனிதரின் வேலைக்கு உலை வைத்துவிட்டேன். நான் செய்தது இவ்வளவுதான்... ஒரு ஜெர்மன்காரர் ஆங்கிலத்தில் சொன்ன ஒரு எண்ணைத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

இதே பக்கத்தில் என் வருமான வரியைப் பற்றி நான் புலம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். வாத்தியார் சம்பளத்தில்கூடவா கை வைப்பது என்று பொரிந்து தள்ளியிருந்தேன். ஆறேழு பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அந்தக் கடிதங்களை இப்போது எடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு மேற்கு ஜெர்மனியிலிருந்து பின்னல் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்குக் கூடவே ஒரு ஃபிட்டரும் வந்தார். கார்ல் என்று பெயர். அவருக்குத் தமிழ் தெரியாது, முதலாளிக்கு இங்கிலீஷ் ஓடாது. பள்ளிக்கூடம் லீவு, வாத்தியார் சும்மாதானே இருக்கிறார் என்று என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் அதிர்ச்சி அன்று மாலையே. மெஷின் பாதி பூட்டியும் பூட்டாமலும் கிடக்கிறது. கார்ல் ஸ்பானரைக் கீழே வைத்தார். பஞ்சு வேஸ்ட்டில் கையைத் துடைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலாளி பதறிப்போய் என்னிடம் வந்தார். “ஏனுங்க சார், தொரைக்கு ஒடம்புக்குச் சேரலீங்களா?”

“நல்லாத்தான் இருக்காரு. மணி அஞ்சாயிருச்சாம்.”

“அஞ்சானா?”

“அஞ்சானா வேலை முடிஞ்சுதாம்.”

முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் எங்கோ கோட்டைவிட்டுவிட்டதாக நினைத்தார் போல. எங்கள் ஊரில் ஆர்டர் முடிந்தால் வேலை முடியும். மணிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அதற்கப்புறம் தினமும் டீ நேரத்தில் ஒரு குண்டு விழும். கார்ல் ரொட்டியில் ஊத்துக்குளி வெண்ணெயைத் தடித்துப் பூசிக்கொண்டே ஐரோப்பாவைப் பற்றிச் சாவகாசமாகச் சொல்வார். சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர் கையில் படுவதற்கு முன்பே போய்விடுமாம். வரி, பென்ஷன், வைத்தியம் எல்லாம் அதில் அடக்கம். அவருடைய தங்கையை ஸ்வீடனில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே மாப்பிள்ளை சம்பளத்தில் பாதியே போய்விடுகிறதாம்.

“பாதியா?” என்றார் நாச்சிமுத்து. அவர் அங்கே மெஷின் மாஸ்டர். மெஷினிலிருந்து குழாய்போல இறங்குகிற துணியில் உள்ளங்கையை வைத்து, எந்த ஊசி கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடக்கூடியவர். கார்ல் வந்த இரண்டாம் நாளே அவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுவிட்டார். “அதுக்குத் திருடனே தேவலைங்களே சார். அவன் அப்பப்பத்தான வருவான்?”

நான் மொழிபெயர்த்தேன். கார்ல் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “என் அப்பா கட்டினார். இப்போது அவர் வாங்குகிறார். நான் கட்டுகிறேன். அறுபத்தைந்தில் நான் வாங்குவேன்” என்றார். அவ்வளவுதான் அவர் விளக்கம்.

வேலைக்குப் போகாமல், வீட்டில் உட்கார்ந்திருக்க, சாகிறவரை மாதாமாதம் பணம். அரசாங்க உத்தியோகஸ்தருக்கு இல்லை ஐயா, மெஷின் ஓட்டுகிறவருக்கு. இத்தாலியில் ஆணுக்கு அறுபது, பெண்ணுக்கு ஐம்பத்தைந்து என்று அவர் சொன்னபோது, பனியன் மடித்துக்கொண்டிருந்த பெண்களின் கை அப்படியே நின்றுவிட்டது. பிரான்சில் ஆகஸ்ட் வந்தால் பல கம்பெனிகளை ஒரு மாதம் பூட்டிவிட்டு, பூட்டிய நாளுக்கும் சம்பளம் கொடுப்பார்களாம். இதை நான் முதலாளியிடம் சொல்லவே இல்லை. அவருக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு.

ஒரு நாள் நாச்சிமுத்து என்னைத் நூல் மூட்டைப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போனார். “சார், அந்த ஊர்ல பொறந்திருந்தா எனக்கு இன்னும் எத்தன வருசமுங்க?”

“உங்களுக்கு என்ன வயசு?”

அக்கம்பக்கம் பார்த்தார். “அறுவத்தி நாலு முடிஞ்சுதுங்க.”

“அப்ப ஒரே வருஷம்தான்” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இங்கே இல்லாத பென்ஷன், வராத பணம். இருந்தாலும் ஒரே வருஷம் என்று கேட்க அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் சும்மா இருந்திருக்கலாம். கார்லிடம் போய்ச் சொன்னேன். அவரும் நாச்சிமுத்துவின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை மெஷின் ஓடியது. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, துணி வழுவழுவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். கார்ல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“இந்த மாஸ்டர் மாதிரி ஒரு ஆளை எங்கள் ஊரிலேயே தேடிப் பிடிக்க வேண்டும். என்ன செய்வது, அறுபத்து நான்கு வயது ஆகிவிட்டது. அடுத்த வருஷம் வீட்டில் உட்கார்ந்துவிடுவார். இப்போதே நீங்கள் இன்னொருவரைத் தயார் செய்யுங்கள்.”

பத்து நாளாக மொழிபெயர்த்து மொழிபெயர்த்து என் வாய்க்கு அது பழக்கமாகிவிட்டது. மூளையைக் கேட்காமலே பேசியது. கம்பீரமாகச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

“எத்தனைங்க?” என்றார் முதலாளி.

“அறுபத்து நாலு.”

அப்புறம்தான் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால், இந்த முதலாளியின் அப்பா காலத்தில், அவர் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது நாற்பத்து நான்கு வயது. முப்பத்தொன்று என்று சொல்லித்தான் சேர்ந்திருக்கிறார். நாற்பது தாண்டியவனைப் புதிதாக யார் சேர்ப்பார்கள்? எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ரிஜிஸ்தரில் ஒரு வயது, முட்டியில் ஒரு வயது. ரிஜிஸ்தர்படி நாச்சிமுத்துவுக்கு அன்று ஐம்பத்தொன்று.

திங்கட்கிழமை காலை. தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, ஒரு மாதச் சம்பளக் கவர். முதலாளி கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

“நீங்க ஒழச்சது போதுமுங்கண்ணா. இந்த வயசுல உங்கள வேலை வாங்குனா எனக்குத்தானுங்க பாவம். தொர ஊருலயே இந்த வயசுக்கு உக்கார வெச்சுப் போடறாங்கன்னு அவரே சொல்றாரு. ஊட்டுல ரெஸ்ட் எடுங்க.”

எங்கள் ஊர் மரியாதையை என்னவென்று சொல்ல? அடுத்தவர் சோற்றில் கை வைக்கும்போதும் ஒரு ‘ங்க’ குறையாது. நாச்சிமுத்து தட்டை வாங்கிக்கொண்டார். வீட்டில் அவரும் சீக்காளி மனைவியும்தான். ஒரே மகளைக் குன்னத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். சம்பந்தி வீட்டில் போய்ச் சாப்பிடுகிற ஆள் இல்லை அவர்.

அந்த நேரம் பார்த்து விடைபெற்றுக்கொள்ள கார்ல் வந்தார். தட்டையும் வேட்டியையும் பார்த்துவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்டார். “இன்றிலிருந்து இவருக்கு வேலை இல்லை, ஓய்வு” என்றேன். மனிதருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “எங்களைவிட ஒரு வருஷம் முன்னதாகவா? உங்கள் நாடு பரவாயில்லையே” என்று நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

“தொர என்னங்க சொல்றாரு?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“நல்லா இருங்கன்னு சொல்றாரு” என்றேன். பத்து நாளில் நான் சொன்ன ஒரே பொய். அதை இரண்டு நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?

கார்லை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியதும் முதலாளியைப் பிடித்துக்கொண்டேன். “உட்கார வெச்சா மட்டும் போதுமா? அங்கே பென்ஷன் தர்றாங்களே?”

“அது அவங்க கவருமெண்டு குடுக்கறதுங்க சார். நானென்ன ஜெர்மனிங்களா?”

“பி.எஃப். ஏதாவது?”

“இருவது பேரு இருந்தாத்தானுங்க பி.எஃப்.? இந்தக் கம்பெனி எம் பேருல, சம்சாரம் பேருல, மச்சான் பேருல மூணா இருக்குதுங்க. ஒவ்வொண்ணுலயும் பத்தொம்பது பேருதான்.” பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “இன்கம்டாக்ஸுக்கும் அதுதானுங்க தோது.”

ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே முதலாளி. மூன்று கம்பெனி. கோபப்படலாம்தான்... ஆனால் வரியைத் திட்டி எழுதி அதற்குப் பாராட்டும் வாங்கிய ஆள் எந்த முகத்தோடு அவரைக் கேட்பது? அரசாங்கம் எனக்குப் பென்ஷன் தரப்போகிறது. அடுத்த வருஷம் அதுவும் போதவில்லை என்று இதே பக்கத்தில் புலம்பத்தான் போகிறேன். ஜெர்மனியிலிருந்து மெஷின் வந்தது, ஊசி வந்தது, ஓய்வு வயதுகூட வந்துவிட்டது. பென்ஷனை மட்டும் யாரும் கப்பலில் ஏற்றவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாச்சிமுத்து வீட்டுக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் பூட்டிக் கிடந்தது.

போன வாரம், ஊரின் இன்னொரு கோடியில், ஒரு கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையில் கருகருவென்று மை பூசியிருந்தது. மீசை இல்லை. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது.

“நாச்சிமுத்து, என்னை மன்னிக்கணும்” என்றேன்.

“அத உடுங்க சார்.” குரலைத் தாழ்த்தினார். “நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. இங்க எனக்கு நாப்பத்தெட்டுங்க.”

அவர் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று மட்டும் யாரும் கடிதம் போட்டுக் கேட்காதீர்கள்... நான் ஒருமுறை வாயைத் திறந்ததே போதும்.